கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டவர்கள்



இலக்கியத் தொடர் ஒன்றிலே ஒரு குடாக்கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது புவியியற் பாடமல்லவா, சரித்திரப் பாடமல்லவா என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சில இடங்களைப் பற்றி உலகம் நிறைய எழுதிவைத்திருக்கும். அந்த இடத்தில் பிறந்தவர்கள் மட்டும் அதிகம் எழுதியிருக்க மாட்டார்கள். திருகோணமலைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடா அப்படிப்பட்ட ஓரிடம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், சிறுவனாக, திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சிலே போன நினைவு எனக்கு இன்னும் இருக்கிறது. தரைவழியாகப் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை இறங்கிப் பாதை ஏற வேண்டும். பாதை என்றால் வேறு பகுதி நேயர்கள் வீதி என்று எண்ணிவிடக்கூடாது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவைக்குக் கிழக்கிலே அதுதான் பெயர். ஆகவே அவசரக்காரரும், எங்களைப் போன்ற வேடிக்கை பார்ப்பவர்களும் லோஞ்சைத்தான் நாடினோம். நடுக்குடாவில் ஓரிடத்தில் தண்ணீரின் நிறம் மாறும். பச்சை போய்க் கருநீலம் வரும். என்னோடு வந்த பெரியப்பா அதைக் காட்டி, "தம்பி, இதிலதான் பள்ளம். இதில நங்கூரம் போட்டா அது நிலத்தத் தேடிக்கொண்டே போகும்" என்றார். நான் லோஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா சொன்னது மிகையல்ல. இந்தக் குடாவின் அடியிலே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. கரைக்கு மிக அண்மையில் தொடங்கி, வங்காள விரிகுடாவின் ஆழ்கடல்வரை அது இறங்கிச் செல்கிறது. நீலத்திமிங்கிலங்கள் திருகோணமலைக் கரையிலிருந்து பார்க்கக்கூடிய தொலைவுக்கு வருவது இந்த ஆழத்தினால்தான். இன்னொரு காரியத்தையும் இப்பள்ளம் செய்கிறது. நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி, மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து, இந்தக் குடாவிலேதான் கடலோடு கலக்கிறது. அவ்வளவு பெரிய ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் வேறெந்தக் குடாவையும் எப்போதோ மேடாக்கியிருக்கும். இங்கே அதிற் பெரும்பங்கு பள்ளத்தின் வழியே ஆழ்கடலுக்கு இறங்கிவிடுகிறது. ஆற்றின் வாயிலே இருந்தும் தூர்ந்து போகாத துறைமுகம் உலகத்திலே அதிகமில்லை.

வரைபடத்தை ஒருமுறை மனக்கண்ணிற் கொண்டுவாருங்கள். தெற்கே சம்பூருக்கு அப்பால், ஆங்கிலேயர் பவுல் பொயின்ற் என்று பெயரிட்ட முனை. அங்கே ஒரு வெளிச்சவீடு. வடக்கே கோணேசர் கோயில் கொண்ட சுவாமிமலை. இரண்டுக்கும் நடுவே கிழக்கு நோக்கித் திறந்திருப்பது கொட்டியாரக் குடா. அதன் வடமேற்கு மூலையில் ஓர் ஒடுங்கிய வாய் இருக்கிறது. அதனுள்ளே நுழைந்தால், சுற்றிவரக் குன்றுகளும் காடும் சூழ்ந்த உட்துறைமுகம், சுமார் 1,600 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு. உள்ளே நிற்கும் கப்பலை வெளிக்கடலில் வருபவன் காணமுடியாது. வெளியே எந்தப் புயல் அடித்தாலும் உள்ளே நிற்பவன் நித்திரை கொள்ளலாம். அதற்கும் அப்பால் சீனன்குடா, தம்பலகாமக் குடா என்று கடல் கைநீட்டிக்கொண்டே போகிறது. கடல் பெருக்கும் வற்றும் இங்கே ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடக்குறைய என்பதால், தண்ணீர் ஏறும்வரை வாசலில் காத்துக் கிடக்கவும் தேவையில்லை.

ஆனால் ஆழமும் அடைப்பும் மட்டும் இருந்தாற் போதாது. ஐரோப்பியக் கப்பற்படைகள் இந்தக் குடாவுக்காக அடிபட்டதன் உண்மையான காரணம் காற்று. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே சோழமண்டலக் கரையெங்கும் கப்பல்கள் நிற்கலாம். வாடை தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. சென்னைப்பட்டினத்திலோ, புதுச்சேரியிலோ, நாகபட்டினத்திலோ அந்த நாளிலே துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. திறந்த கடலிலே நங்கூரமிட்டு நிற்பதுதான் வழக்கம். ஐப்பசி, கார்த்திகைப் புயலில் அப்படி நின்ற கப்பல் கரையில் மோதும், அல்லது ஓட வேண்டும். எங்கே ஓடுவது? ஆங்கிலேயனுக்குப் பம்பாய்தான் புகலிடம். குமரிமுனையைச் சுற்றி அங்கே போய்ப் பழுதுபார்த்துத் திரும்ப மாதக்கணக்காகும். அந்த மாதங்களிலே கிழக்குக் கடல் காவலின்றிக் கிடக்கும். வங்காள விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில், வாடைக்காலத்திலே ஒரு முழுக் கப்பற்படை ஒதுங்கக்கூடிய ஓரிடம் திருகோணமலை. யாரிடம் அது இருக்கிறதோ அவர் கை ஓங்கும். இந்த ஒரு செய்தியை மனதிலே வைத்துக்கொண்டால், பிறகு நடந்த சண்டைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

ஐரோப்பியர் வருமுன்னரும் இந்தக் குடா வெறுமையாயிருக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடினார். கடலைச் சொல்லாமல் அவர் அந்த மலையைச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வீரபாண்டியன் தன் இணைக்கயற் சின்னத்தைக் கோணமலையிலே பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகிறது. பிரெடெரிக் கோட்டை வாயிலிலே அந்தக் கயல்கள் இரண்டையும் இன்றும் காணலாம். கோட்டைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கயல்களே சொல்லும். 1620களிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. மிச்சக் கற்கள் கடலுக்குப் போயின. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிலே மூழ்கிப் பார்த்தபோது, செதுக்கிய தூண்கள் மீன்களுக்கு நடுவே கிடக்கக் கண்டார்கள்.

அந்த நாளிலே கொட்டியாரம் கண்டி அரசனுடைய வாசல். மலைநாட்டு அரசுக்கு வெளியுலகத்தோடு தொடர்பு வைக்க எஞ்சியிருந்த கடற்கதவுகள் கொட்டியாரமும் மட்டக்களப்புந்தான். வந்தவர்களிற் பலர் இந்தக் கதவுகளைத்தான் முதலிலே தட்டினார்கள். 1620இலே ஓவே யெடே என்ற தலைவனின் கீழ் டேனியர் வந்தார்கள். கண்டியோடு பேசிப் பார்த்தார்கள், திருகோணமலையிலே கோட்டை கட்டவும் முயன்றார்கள், காரியம் ஒப்பேறவில்லை. அதே ஆண்டிலே தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியிலே அமர்ந்தார்கள். கொட்டியாரம் கைகூடியிருந்தால் தரங்கம்பாடி என்னவாகியிருக்கும், அங்கே பின்னாளில் வந்த தமிழ் அச்சுக்கூடம் எங்கே இருந்திருக்கும் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. யோசனைக்கு வரி இல்லை.

1639இல் ஒல்லாந்தர் திருகோணமலையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். சிறிது காலத்திலே அரசனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய், 1660களில் மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டனர். இந்த இடைவெளியிலேதான் நம் குடாவிலே ஒரு புத்தகம் பிறந்தது.

1659 நவம்பரிலே மசூலிப்பட்டினத்தில் நின்ற ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. நான் முன்னே சொன்ன வாடையின் வேலைதான். புதுப் பாய்மரம் நாட்டுவதற்கும், நாட்டும்வரை கொஞ்சம் வியாபாரம் செய்வதற்குமாக அதைக் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பினார்கள். பறங்கிப்பேட்டை வியாபாரிகள் சிலரும் கூட வந்தார்கள். கப்டன் பெயர் றோபேட் நொக்ஸ். அவருடைய மகனும் அதே கப்பலில் இருந்தான், அவன் பெயரும் றோபேட் நொக்ஸ். வயது பத்தொன்பதைத் தாண்டாத பையன். கரையிலுள்ள சனங்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள் என்று பின்னாளிலே அவனே எழுதுகிறான். இருபது நாட்கள் வரை ஒரு குறையுமில்லை. பிறகு இரண்டாம் இராசசிங்கனுடைய திசாவை படையோடு வந்தான். அரசனுக்கு அந்நியக் கப்பல் என்றாலே சந்தேகம்; ஒல்லாந்தரோடு பட்ட பாடு அப்படி. 1660 ஏப்பிரலிலே, கரையில் ஒரு புளியமரத்தின் கீழ் இருந்த கப்டனையும் அவருடைய ஆட்களையும் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம். கப்பலையும் உள்ளே வரச்செய்ய வேண்டும் என்று திசாவை, மகனைச் செய்தியோடு கப்பலுக்கு அனுப்பினான். போகும்போது தகப்பன் மகனிடம் திரும்பி வரும்படி சத்தியம் வாங்கிக்கொண்டார். மகன் போனான். கப்பலிலே தன் நாட்டவர் மத்தியில், பாய் விரித்தால் ஊர்போகும் நிலையில், கால் வைத்தான். கப்பலைக் காத்துக்கொள்ளுங்கள், கரைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று உண்மையைச் சொல்லிவிட்டு, திரும்பித் தகப்பனிடமே வந்துவிட்டான். கப்பல் பிறகு போய்விட்டது. தகப்பன் அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே கண்டி நாட்டிலே காய்ச்சலில் இறந்தார். மகன் 1679 வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல், மலைநாட்டிலே கைதியாக வாழ்ந்து, கடைசியிலே அநுராதபுரக் காட்டுவழியாக ஒல்லாந்தருடைய அரிப்புக் கோட்டைக்குத் தப்பினான். 1681இலே இலண்டனில் அவன் வெளியிட்ட நூல், அக்கால இலங்கைச் சனங்களின் உணவு, உடை, உழவு, நம்பிக்கை எல்லாவற்றுக்கும் இன்றும் ஆராய்ச்சியாளர் தேடிப் போகும் நூல். டானியல் டீபோவின் றொபின்சன் குறூசோவுக்கு அது உரமூட்டியது என்று ஆங்கில இலக்கியக்காரர் பலர் கருதுகின்றனர்.

மூதூரிலே அந்த மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்று சொல்லிக் கல்லும் நாட்டினார்கள். கல்லிலே பொறிக்கப்பட்டிருப்பது கப்டன் பிடிபட்ட செய்தி. திரும்பி வந்த மகனைப் பற்றி அங்கே ஒன்றுமில்லை.

கடற்போருக்கு வருவோம். 1672இலே பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே ஒரு பெரிய கப்பற்படையோடு குடாவுக்குள் வந்து சில மாதம் தங்கினார். ஒல்லாந்தர் விரட்டவே, அங்கிருந்து போய் மயிலாப்பூர்ச் சாந்தோமைப் பிடித்தார். இது வெள்ளோட்டம். பெரிய நாடகம் 1782இல் நடந்தது. அந்த ஓராண்டிலே திருகோணமலைக் கோட்டைக் கொடிமரம் மூன்று கொடிகளைக் கண்டது.

ஜனவரி பிறந்தபோது ஒல்லாந்தக் கொடி. அதே மாதத்திலே ஆங்கில அட்மிரல் எட்வேட் ஹியூஸ் வந்து, முதலிலே ஊர்க்கோட்டையையும், பின்னர் உட்துறைமுக வாயைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையையும் பிடித்துக்கொண்டார். ஏப்பிரல் 12ஆம் திகதி கரைக்கு அண்மையிலே ஹியூசும், பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரெனும் மோதினார்கள், வெற்றி தோல்வியில்லை. ஆகஸ்ட் கடைசியிலே ஹியூஸ் அண்மையில் இல்லாத வேளை பார்த்து சுஃப்ரென் திருகோணமலையிலே படையை இறக்கினார். சில நாட்களிலே இரண்டு கோட்டைகளும் பணிந்தன. உதவிக்கு ஓடிவந்த ஹியூஸ் செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு குடா வாயிலை அடைந்தார். விடிந்து பார்த்தால் கோட்டையிலே பறப்பது பிரெஞ்சுக் கொடி. ஓரிரு நாள் பிந்திய பயணம், ஒரு துறைமுகம் போய்விட்டது.

இனிச் சுஃப்ரென் செய்ததைப் பாருங்கள். துறைமுகம் கையில் இருக்கிறது. வெளியே நிற்பவன் என்ன செய்ய முடியும்? உள்ளேயே இருந்திருக்கலாம், அவருடைய கப்டன்மார் சிலரும் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் சோளகக் காற்று அவருக்குச் சாதகமாக வீசியது. எதிரியிடம் பன்னிரண்டு கப்பல், தன்னிடம் பதினான்கு. புறப்பட்டுவிட்டார். ஹியூஸ் கெட்டிக்காரன். சண்டைக்கு நிற்காமல் தென்கிழக்கே ஓடி ஓடி, பிரெஞ்சுக்காரரைத் துறைமுகத்திலிருந்து வெகுதூரம் இழுத்துச் சென்றார். பிரெஞ்சு வரிசை குலைந்தது. பின்தங்கிய கப்பல்கள் பின்தங்கியே நிற்க, சுஃப்ரெனுடைய கப்பலும் இன்னும் ஓரிரண்டும் நடுவிலே தனித்து அகப்பட்டன. அவருடைய கப்பலின் நடுப்பாய்மரம் முறிந்து விழுந்தது, கொடியும் அதோடு போயிற்று. சரணடைந்துவிட்டதாக எதிரி எண்ணிவிடுவான் என்று, இருக்கும் கொடிகளையெல்லாம் கொண்டுவந்து கப்பலைச் சுற்றிக் கட்டச் சொன்னாராம். இருட்டியது, சண்டை ஓய்ந்தது. திரும்பி வருகையிலே, எதிரியின் குண்டுக்குத் தப்பிய ஒறியன்ற் என்ற பெரிய போர்க்கப்பல், நம்முடைய குடா வாயிலின் பாறையிலே ஏறி உடைந்தது. உள்ளூர் வள்ளக்காரன் ஒருவனைக் கேட்டிருந்தால் பாறையைக் காட்டியிருப்பான் என்று எனக்கு ஓர் எண்ணம். 1795இலே ஆங்கிலேயர் இரண்டாம் முறை வந்தபோதும் டயமீட் என்ற அவர்களுடைய கப்பல் இதே வாசலில் நீருக்கடியிலிருந்த பாறையில் மோதி மூழ்கியது.

துறைமுகம் இல்லாத ஹியூஸ் என்னவானார்? சென்னைக்குப் போனார். ஒக்டோபர் நடுப்பகுதியிலே வாடைப் புயல் பிடித்தது. அடிபட்ட கப்பல்களோடு பம்பாய்க்குப் போகவேண்டியதாயிற்று. ஆனால் துறைமுகத்தைப் பிடித்த சுஃப்ரெனும் அந்த மாரியை இங்கே கழிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் சுமாத்திராவின் ஆச்சே நகருக்குப் போனார். காரணம், குடா கப்பலுக்கு நிழல் கொடுக்கும், ஆயிரக்கணக்கான மனிதருக்குச் சோறு கொடுக்காது. சுற்றிவரக் காடும் காய்ச்சலும். மரமும் பாய்த்துணியும் இறைச்சியும் மாவும் கடல்கடந்து வரவேண்டும். திருகோணமலையைப் புகழ்ந்தவர்கள் எல்லாரும் தண்ணீரைப் புகழ்ந்தார்களே தவிர நிலத்தை அதிகம் கவனிக்கவில்லை. கொட்டியாரத்திலே வயல் இருந்தது, தம்பலகாமத்திலே குளமும் நெல்லும் இருந்தன. அவை ஊரைக் காத்தன. ஒரு கப்பற்படையைத் தீனி போட்டு வளர்க்க அவற்றால் இயலுமா?

போர் முடிந்து, துறைமுகம் ஒல்லாந்தர் கைக்கே திரும்பியது. 1795 ஆகஸ்டிலே ஆங்கிலேயர் அதைப் பிடித்தவர்கள்தான், பிறகு 1957 வரை விடவில்லை. அந்த நூற்றறுபது ஆண்டையும் நான் விரைவாகவே கடக்கப் போகிறேன். பெரும்பாலும் கொடியேற்றலும் கொடியிறக்கலும் நிலக்கரி ஏற்றலும்தான். இலக்கிய நேயர்களுக்காக இரண்டு செய்திகள் மட்டும். ஜேன் ஒஸ்ரினுடைய நாவல்களைப் படித்தவர்கள், அவற்றிலே வரும் கடற்படை இளைஞர்களை அறிவீர்கள். அவருடைய சகோதரர் சாள்ஸ் ஒஸ்ரின் கடற்படையிலே அட்மிரலாக உயர்ந்து, 1852 ஒக்டோபரிலே பர்மாவின் ஐராவதி ஆற்றிலே கப்பலில் இறந்தார். அவருடைய உடலைக் கொண்டுவந்து புதைத்தது திருகோணமலை எஸ்பிளனேட் மயானத்திலே. மற்றது, இந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு போர்க்கப்பல். 1817இலே பம்பாயிலே வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைஞர் தேக்கு மரத்தாற் கட்டியது. இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிலே மிதந்துகொண்டு நிற்கிறது. திருகோணமலை என்ற பெயரைச் சுமந்துகொண்டு அது அங்கே நிற்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

1942க்கு வருகிறேன். இதை நான் புத்தகத்தில் படிக்குமுன் வீட்டிலே கேட்டவன். பெப்ரவரியிலே சிங்கப்பூர் விழுந்தது. ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலே குண்டு விழுந்தது. அந்தச் செய்தியோடு திருகோணமலைச் சனங்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அப்போது அம்மாவுக்குப் பதினான்கு வயது. மாட்டு வண்டியிலே தம்பலகாமத்துக்குப் போனார்களாம். ஆட்டுக்கல்லை எடுத்துப் போகவேண்டும் என்று பாட்டி நின்ற பிடிவாதத்திலே ஒரு நாள் பிந்திவிட்டது என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். பெரியப்பா டொக்யாட்டிலே வேலை, அவர் போகவில்லை.

9ஆம் திகதி காலை, யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை வந்தன. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கடலுக்கப்பால் நின்றன. அவர்கள் தேடிவந்த பிரித்தானியக் கீழைத்தேயக் கப்பற்படை துறைமுகத்தில் இல்லை. அட்மிரல் சோமவில் அதை மாலைதீவின் அட்டு அற்றோலிலிருந்த இரகசியத் தளத்திலே வைத்திருந்தார். துறைமுகத்தில் நின்ற ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியை முதல்நாள் இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். தப்பட்டும் என்று அனுப்பியது, விமானமொன்றும் இல்லாமல் அனுப்பியது. மட்டக்களப்புக்கு நேரே அகப்பட்டு அன்றே மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். துறைமுகத்தினுள்ளே சாகாயிங் என்ற கப்பல் எரிந்தது. சீனன்குடாவிலே ஒரு யப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேலேயே வந்து விழுந்தது. அந்தக் குதம் ஒரு கிழமை எரிந்தது. தம்பலகாமத்திலிருந்து பார்த்தபோது மேற்கே மழைமுகில் இல்லாத வானத்திலே கிழக்கே மட்டும் ஒரு கறுப்புத் தூண் நின்றதென்று அம்மா சொல்வார். அந்தத் தூணின் கீழேதான் அண்ணன் நிற்கிறான் என்று பாட்டி மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பெரியப்பா நடந்தே வந்து சேர்ந்தார். வந்தவர் முதலிலே கேட்டது தண்ணீரல்ல, ஆட்டுக்கல் வந்துசேர்ந்ததா என்பதாம்.

உப்புவெளியிலே நிலாவெளி வீதியோரமாகப் போர்க்கால மயானம் இருக்கிறது. பல நாட்டு வீரர்கள் அங்கே வரிசையாக உறங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கல், கல்லிலே பெயர், பெயருக்குக் கீழே வயது. புல் எப்போதும் வெட்டப்பட்டிருக்கும். அங்கே போகும்போதெல்லாம் அந்த ஒழுங்கைக் கண்டு மதிப்பு உண்டாகும், கூடவே ஒரு பொறாமையும் உண்டாகும். டொக்யாட்டிலும் குதத்தடியிலும் சுமை தூக்கியவர்களை இப்படி யார் எழுதி வைத்தார்கள்?

1944இலே கப்பற்படை திரும்பி வந்தது. அந்த ஏப்பிரலிலே சபாங் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்ட கப்பல்களிடையே ரிஷலியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலும் இருந்தது. சுஃப்ரென் போய் 160 ஆண்டுக்குப் பின் பிரெஞ்சுக் கொடி மறுபடி இந்த வாயிலைக் கடந்தது, இம்முறை ஆங்கிலேயனுக்குத் தோழனாக. அதே ஆண்டு ஆகஸ்டிலே வலியன்ற் என்ற பெரிய போர்க்கப்பலைத் தூக்கிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மிதக்குந்துறை, எதிரி ஒருவரும் இல்லாமலே முறிந்து மூழ்கிப் போயிற்று.

1957இலே தளம் இலங்கை அரசிடம் வந்தது. நாட்டுக்கு அது கௌரவமான நாள், மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலே அது வேறு மாதிரியான நாள். டொக்யாட்டை நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனையோ அந்த ஆண்டோடு திசைமாறின. பெரியப்பா வேலைக்குப் போகையில் கழுத்திலே கட்டும் பித்தளை வில்லையிலே ஓர் இலக்கம் அடித்திருக்கும். வேலை போன பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார். லோஞ்சிலே பள்ளத்தைக் காட்டியபோதும் அது அவருடைய இடுப்பு மடியிலேதான் இருந்தது. யுத்தக் காலத்து எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பது காட்டுக்குள்ளே மிச்சமிருந்தன. 2003இலே இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு அவை குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. 2022இலே அறுபத்தொரு குதங்களை இரு நாடுகளும் கூட்டாக நடத்த ஒப்பந்தமாயிற்று. செய்தித்தாள்களிலே அதை வாசித்தபோது 1782 மறுபடி கண்முன்னே வந்தது. துறைமுகம் வேண்டும் என்று வருபவர்கள் ஓய்ந்ததாக இல்லை.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன். நாவல் என்ற வடிவம் தமிழுக்குப் புதிதாயிருந்த காலத்தில், அதைக் கையிலெடுத்தவர்களிலே இருவர் திருகோணமலையார். 1891இலே இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை வெளிவந்தது. 1895இலே தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். முன்னது ஐரோப்பியக் காவியக் கதை, காட்டிலே கரடி வளர்த்த பிள்ளை. பின்னது நாயக்கர் காலத்துத் தஞ்சை. இருவரும் வளர்ந்த ஊரிலே, வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் போர்க்கப்பலின் பாய்மரம் தெரிந்திருக்கும். அது ஒரு வரியிலும் வரவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. தன் வாசலிலே நடப்பது கதையாகும் என்ற நம்பிக்கை வருவதற்குக் காலம் எடுக்கும். சரித்திர நாவலாசிரியர் ஒருவர் சரித்திரத்தைத் தேடித் தஞ்சாவூருக்குப் போனார், சரித்திரமோ டொக்யாட் வாசலிலே காவல் நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

குடாவின் மறுகரையிலே, மூதூரிலே பிறந்த வ. அ. இராசரத்தினந்தான் அந்த நீரைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்தவர். அவருடைய தோணி என்ற சிறுகதையை அறியாத ஈழத்து வாசகர் குறைவு. அந்தக் கதையிலே அட்மிரல் இல்லை, பீரங்கி இல்லை. ஒரு மீனவச் சிறுவனுக்குச் சொந்தமாய் ஒரு தோணி வேண்டும், அவ்வளவுதான். சுஃப்ரெனிடம் பதினான்கு கப்பல் இருந்தது, ஹியூசிடம் பன்னிரண்டு. அவர்கள் சண்டையிட்ட அதே தண்ணீரிலே, தகப்பன் பிடிக்கும் மீன் இன்னொருவனுடைய தோணிக்குச் சொந்தமாவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பையன் கரையிலே நிற்கிறான். நொக்ஸ் தன் நூலிலே கொட்டியாரத்துச் சனங்களுக்கு ஒதுக்கியது சில வரிகள், எல்லாம் வெளியே இருந்து பார்த்தவை. கரையிலே நின்றவனின் கண்ணாலே குடாவைப் பார்க்க இராசரத்தினம் வரும்வரை ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆயிற்று.

2004 டிசம்பர் 26இலே கடல் மூதூர்க் கரைக்கும் கிண்ணியாக் கரைக்கும் ஏறி வந்தது. 2006இலே மூதூர்ச் சனங்கள் போரினால் ஊரோடு ஊராக நடந்தார்கள். பிறகு பாலங்கள் வந்தன. 2009இலே கிண்ணியாப் பாலம், 396 மீற்றர். அதன்பின் உப்பாறு, கங்கை, இறால்குழி எல்லாவற்றின் மேலும் பாலம். இன்று திருகோணமலையிலே பஸ் ஏறினால் காலில் ஈரம் படாமல் மூதூரிலே இறங்கலாம். நல்லதுதான். நோயாளியைப் பாதையிலே ஏற்றிக் காத்திருந்தவர்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள்.

சென்ற முறை போனபோது, கிண்ணியாப் பாலத்தின் மேலே பஸ் ஏறியதும் பக்கத்திலிருந்த பையனிடம், "இந்தத் தண்ணி எங்கேயெல்லாம் போகுது தெரியுமா, தம்பி?" என்று கேட்டேன். "கடலுக்கு" என்றான். "அதுக்கு அங்கால?" என்றேன். யோசித்துவிட்டு, "அங்கால ஆழமாம். எங்கட வாப்பா சொல்லுவார், கல்லுக் கட்டிப் போட்டாலும் கயிறு காணாதாம்" என்றான். அவனுடைய தகப்பன் என்ன தொழில் என்று கேட்டேன். சொந்தமாய் ஒரு வள்ளம் இருக்கிறதாம்.